கணினி மூலை: ஆயிரம் படம், ஒரே அமுக்கு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். ஒரு ஃபோல்டர் நிறையப் படம் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே தடவையில் சிறிதாக்க வேண்டும், எந்த மென்பொருள் நல்லது? அதனால் பிரிண்டர் சண்டைகளை எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் 14 வருஷம் கல்யாண ஆல்பம் தயாரிக்கும் ஒரு லேபில் டிசைனராக இருந்தவள். அங்கே காலையில் சிஸ்டத்தை ஆன் செய்ததும் செய்கிற முதல் வேலை இதுதான். இதில் ஒருமுறை பட்ட அடியும் உண்டு. அதையும் சொல்கிறேன்.

முதல் கடிதம்: கோவில்பட்டியில் அண்ணனும் நானும் ஸ்டூடியோ நடத்துகிறோம். ஒரு கல்யாணத்துக்கு 2,500 படம் வரை எடுக்கிறோம். ஆல்பம் செலக்‌ஷனுக்காகப் பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் அனுப்ப அவற்றைச் சிறிதாக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து சேமிப்பதில் இரண்டு நாள் போய்விடுகிறது. இணையத்தில் தேடினால் பத்து மென்பொருள் வருகிறது. எதை எடுக்க?

இரண்டு நாளா! ஃபோட்டோஷாப்பிலேயே ஃபைல் மெனுவில் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்ற வரியைத் திறந்தால் 'இமேஜ் பிராசஸர்' என்று ஒன்று இருக்கிறது. ஃபோல்டரைக் காட்டி, அகலம் உயரம் இரண்டிலும் 1600 என்று போட்டு ஓடவிட்டால் மொத்தத்தையும் அதுவே செய்து, தனி ஃபோல்டரில் போட்டுவிடும். எங்கள் லேபிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது, நீங்கள் வருத்தப்பட வேண்டாம். குறை என்னவென்றால், அது ஒவ்வொரு படத்தையும் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அதே சிஸ்டத்தில் ஆல்பம் ஷீட் டிசைன் பண்ண முடியாது. அதனால் இந்த வேலைக்கென்று ஒரு சின்ன மென்பொருள் வைத்துக்கொள்வது நல்லதுதான்.

எந்த மென்பொருள் என்பதற்கு முன்னால் எவ்வளவு சிறிதாக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் 6000×4000 பிக்சல், அதாவது புள்ளிகள். நல்ல தரத்தில் ஜேபெக் சுமார் 10 எம்பி வரும். 2,500 படம் என்றால் 25 ஜிபி. கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபிதான். நீளப் பக்கத்தை 1600 பிக்சலாக்கினால் ஒரு படம் 300, 400 கேபிக்கு வந்துவிடும், மொத்தமும் ஒரு ஜிபியில் அடங்கும். செலக்‌ஷன் செய்கிறவர்கள் போனிலோ டிவியிலோதான் பார்க்கிறார்கள். யார் கண் மூடியிருக்கிறார்கள், யாருடைய பின்னால் யாருடைய கை தெரிகிறது என்பதற்கு 1600 தாராளம். அதே நேரம், அதைக் கொண்டுபோய் வேறொரு இடத்தில் பெரிய பிரிண்ட் போடவும் முடியாது. உங்களுக்கு அதுவும் வசதிதானே?

தரம் என்ற இடத்தில் 80 போடுங்கள். 100 போட்டால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஃபைல் மட்டும் இரண்டு மூன்று மடங்காகும்.

இப்போது மென்பொருள். இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உரிமம். எல்லாரும் சொல்கிற இர்ஃபான்வியூ, எக்ஸ்என்கன்வர்ட், ஃபாஸ்ட்ஸ்டோன் ஃபோட்டோ ரீசைஸர் மூன்றும் இலவசம்தான், ஆனால் வீட்டு உபயோகத்துக்கு. ஸ்டூடியோ என்பது தொழில், அதற்கு உரிமம் வாங்க வேண்டும். வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இர்ஃபான்வியூ 1996லிருந்து இர்ஃபான் ஷ்கில்யான் என்ற ஒரே மனிதர் எழுதி வருவது. பொஸ்னியாவில் பிறந்து ஆஸ்திரியாவில் இருப்பவர். அதன் ஐகான் வண்டியில் அடிபட்டு நசுங்கிய சிவப்புப் பூனை. ஏன் அப்படி என்று எனக்குப் புரிந்ததே இல்லை, ஆனால் 14 வருஷமும் தினமும் அந்தப் பூனை முகத்தில்தான் விழித்தேன்.

தொழிலுக்கும் இலவசமாக வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ். திறமூல மென்பொருள், உரிமத் தொல்லை இல்லை. அதில் உள்ள 'இமேஜ் ரீசைஸர்' உங்கள் வேலைக்குச் சரியாகப் பொருந்தும். படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் மெனுவில் அது வந்து நிற்கும். உங்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் மூன்று இடத்தில் கைவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒன்று, அதில் தயாராக இருக்கும் அளவுகளை விட்டுவிட்டுப் புதிதாக 'செலக்‌ஷன்' என்று ஓர் அளவு சேருங்கள். 1600க்கு 1600. பக்கத்தில் 'ஃபிட்' என்று இருக்கட்டும். 1600க்கு 1600 என்றால் சதுரமாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஃபிட் என்பது அந்தச் சதுரத்துக்குள் படம் முழுவதும் அடங்கட்டும் என்று அர்த்தம். நிற்கிற படமானாலும் படுத்த படமானாலும் நீளப் பக்கம் 1600 ஆகும், இன்னொன்று தானாகச் சரியாகும். 'ஃபில்' என்று மாற்றினால் ஓரத்தை வெட்டிவிடும், நிற்கிற படத்தில் மாமனார் தலை போய்விடும். 'ஸ்ட்ரெச்' என்றால் எல்லாரையும் இழுத்து நசுக்கிவிடும்.

இரண்டு, அது வழக்கமாகச் சிறிய படத்தையும் ஒரிஜினல் இருக்கும் அதே ஃபோல்டரிலேயே போடும், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் அளவின் பெயரைச் சேர்த்து. 2,500 படம் 5,000 ஆகி ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். செட்டிங்கில் 'ஃபைல் நேம் ஃபார்மட்' என்ற கட்டத்தில் சதவீதக் குறியும் 2ம், பிறகு பின்பக்கம் சாய்ந்த கோடு, பிறகு சதவீதக் குறியும் 1ம் என்று மாற்றுங்கள். அப்புறம் 'செலக்‌ஷன்' என்று தனி ஃபோல்டர் திறந்து, பழைய பெயரிலேயே படங்களைப் போடும்.

மூன்றாவதுதான் முக்கியம். அதே ஜன்னலில், ஒரிஜினல் படத்தையே சிறிதாக்கு, நகல் எடுக்காதே என்று சொல்லும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்கவே கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் கதை அப்படி. லேபில் சேர்ந்த மூன்றாவது வருஷம். ஒரு ரிசப்ஷன், 1,912 படம். ராத்திரி பத்தரை மணி, கடைசி பஸ் பிடிக்க வேண்டும். இர்ஃபான்வியூவில் மொத்தமாக வேலை செய்யும் 'பேட்ச்' ஜன்னலைத் திறந்தேன். படங்கள் இருக்கும் ஃபோல்டரையே அவுட்புட்டாக வைத்துக்கொள்ள அதில் ஒரு பட்டன் உண்டு. அவசரத்தில் அதை அமுக்கிவிட்டேன். உள்ளே அட்வான்ஸ்டு பகுதியில், ஏற்கனவே இருக்கும் ஃபைல் மேல் எழுதலாம் என்ற டிக், முந்தின வேலையில் யாரோ வைத்தது, அப்படியே இருந்தது. ஸ்டார்ட் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் 1,912 படமும் 1024 பிக்சலில் சமத்தாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரிஜினல் ஒன்றுகூட இல்லை.

டெலீட் ஆன ஃபைல் என்றால் மீட்க வழி உண்டு. மேலேயே எழுதப்பட்ட ஃபைலுக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். கேமரா கார்டையும் ஃபார்மட் செய்து, அதிலேயே அடுத்த நாள் ஒரு காதுகுத்து எடுத்துவிட்டார்கள், அங்கேயும் ஒன்றும் மிஞ்சவில்லை. 1024 பிக்சலை 300 டிபிஐயில், அதாவது ஓர் இஞ்சுக்கு 300 புள்ளி என்று, பிரிண்ட் போட்டால் மூன்றரை இஞ்சுகூட வராது. ஆல்பமோ 12க்கு 36 இஞ்சு ஷீட். ஒரு ஷீட்டுக்கு 20 சின்னச் சின்னப் படமாக அடுக்கி, நடுவில் பூ வேலை, மஞ்சள் நிறப் பின்னணி என்று என்னென்னவோ செய்து ஒப்பேற்றினோம். ஓனர் என்னைத் திட்டவில்லை. ஆல்பம் வாங்க வந்த பெண்ணின் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பொடிப்பொடியா இருக்கே, இதுதான் இப்ப ஃபேஷனா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஓனர் சொன்னார். நான் உள்ளே போய்விட்டேன்.

அன்றிலிருந்து எந்தப் புது மென்பொருளைப் பார்த்தாலும் நான் தேடும் முதல் விஷயம் அது எத்தனை ஃபார்மட்டைத் திறக்கும் என்பது இல்லை. சிறிதான படம் எங்கே போய் விழும் என்பதுதான். அது ஜன்னலிலேயே பளிச்சென்று தெரிந்தால் நல்ல மென்பொருள். மெனுவுக்குள் மெனுவாக ஒளித்து வைத்திருந்தால், எவ்வளவு வேகமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இன்னொன்று, பெயர். செலக்‌ஷன் முடிந்ததும் வாடிக்கையாளர் ஒரு தாளில் 4512, 4530, 4533 என்று எழுதித் தருவார். அந்த நம்பரை வைத்துத்தான் ஒரிஜினலைத் தேடப்போகிறீர்கள். ஆகவே பெயர் மாறக்கூடாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் பெயர் போய்விடும், தேதியும் வரிசை எண்ணுமாக அதுவே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், இல்லை டிரைவ் லிங்க் கொடுங்கள்.

அண்ணன் ஒரு கேமரா, நீங்கள் ஒரு கேமரா என்றால் இரண்டிலும் டிஎஸ்சி_4512 இருக்கலாம். ஒரே கேமராவிலும் எண் 9999 வரை போய்விட்டு மறுபடி 0001க்குத் திரும்பும். இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிச் சுருக்கினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிடும், 2,500 படம் 2,310 ஆகும், யாருக்கும் தெரியாது. கார்டிலிருந்து இறக்கியவுடனே அண்ணன் படத்துக்கு முன்னால் ஓர் எழுத்து, உங்கள் படத்துக்கு முன்னால் ஓர் எழுத்து சேர்த்துப் பெயர் மாற்றிவிடுங்கள். சுருக்கி முடித்ததும் இரண்டு ஃபோல்டரிலும் எண்ணிக்கை ஒன்றா என்று பார்க்க ஐந்து நொடி போதும்.

அடுத்த கடிதம்: சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலையும் பட்டும் வீட்டிலிருந்தே விற்கிறேன். வாரம் 60 சேலை, ஒவ்வொன்றுக்கும் 4 படம், ஐபோனில் எடுக்கிறேன். இலவச மென்பொருள் ஒன்றில் மொத்தமாகச் சுருக்கினேன். சில படம் படுத்துக்கொள்கிறது. அரக்கு நிறம் செங்கல் நிறமாகத் தெரிகிறது. கட்டம் போட்ட சேலையில் அலை அலையாகக் கோடு வருகிறது. மென்பொருளை மாற்ற வேண்டுமா?

மூன்று நோய், மூன்றுக்கும் காரணம் வேறு. பொறுமையாகப் பார்ப்போம்.

படுத்துக்கொள்வது முதலில். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் அதன் சென்சார் படத்தைப் படுத்தவாக்கில்தான் பதிகிறது. கூடவே எக்ஸிஃப் என்ற குறிப்பில், காட்டும்போது திருப்பிக் காட்டு என்று எழுதி வைக்கிறது. நீங்கள் பயன்படுத்திய மென்பொருள் சைஸைக் குறைக்கிறேன் என்று அந்தக் குறிப்பை அழித்துவிட்டது. குறிப்புப் போனதும் படம் தன் உண்மையான கோலத்தில் படுத்துவிட்டது.

நிறமும் கிட்டத்தட்ட அதே கதை. ஐபோன் 7லிருந்து ஐபோன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற கொஞ்சம் விரிந்த நிற வரம்பில் படம் பிடிக்கின்றன. அந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் ஐசிசி புரொஃபைல் ஒன்று ஃபைலுக்குள் இருக்கும். அதையும் அழித்துவிட்டால், பார்க்கும் இடத்தில் அதே எண்களை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற வரம்பு என்று எடுத்துக்கொள்வார்கள். அடர்ந்த சிவப்பு, மயில் கழுத்துப் பச்சை இவைதான் முதலில் அடிவாங்கும். வெள்ளையும் சாம்பலும் தப்பித்துவிடும். அதனால்தான் உங்களுக்கு எல்லாச் சேலையிலும் தெரியாமல் அரக்கில் மட்டும் உறுத்துகிறது.

அலைக்கோடு வேறு. நெருக்கமான கட்டமோ, சுங்குடிப் புள்ளியோ, ஜரிகைக் கோடோ இருக்கும் படத்தைச் சிறிதாக்கும்போது, மென்பொருள் நான்கு பிக்சலில் ஒன்றை எடுத்து மூன்றைத் தூக்கி எறிந்தால் இல்லாத அலை ஒன்று உருவாகும். சுற்றிலும் இருப்பதைக் கலந்து கணக்குப் போட்டால் வராது. மென்பொருளில் ரீசாம்பிள் என்றோ ஃபில்டர் என்றோ இருக்கும் இடத்தில் 'லான்சோஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'நியரஸ்ட்' என்று இருந்தால் சேலைக்கு ஆகாது. ஒரிஜினல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே அலை இருந்தால் அது எடுக்கும்போதே விழுந்தது. ஓரடி பின்னால் போயோ, சற்றுச் சாய்த்தோ மறுபடி எடுக்க வேண்டும்.

ஆமாம், மென்பொருளை மாற்றுங்கள். உங்களுக்கு எக்ஸ்என்கன்வர்ட் பொருத்தம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஐபோனின் எச்இஐசி படத்தைத் திறக்கும். விற்பனைக்குப் பயன்படுத்துவதால் உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிறப்பு என்னவென்றால், செய்ய வேண்டிய வேலைகளைச் சமையல் குறிப்பு மாதிரி வரிசையாக அடுக்கலாம். தாளிப்பதற்கு முன்னால் இறக்கிவிட்டால் எப்படியோ அப்படித்தான் இதிலும், வரிசை மாறினால் வேலை கெடும். முதலில் எக்ஸிஃப் பார்த்துத் தானாகத் திருப்பும் வேலை. அடுத்து ரீசைஸ், நீளப் பக்கம் 1600. அடுத்து மிக லேசாக ஒரு ஷார்ப்பன், ஜரிகைக்காக. கடைசியில் 'கிளீன் மெட்டாடேட்டா'. அதில் எக்ஸிஃபுக்கு டிக் போடுங்கள், ஐசிசி புரொஃபைலுக்கு மட்டும் போடாதீர்கள். அவுட்புட் பக்கத்திலும் நிறப் புரொஃபைலை வைத்துக்கொள் என்ற டிக் இருக்கிறதா பாருங்கள். மொத்தத்தையும் ஒரு பெயரில் சேமித்துவிட்டால் அடுத்த வாரம் படத்தை இழுத்துப் போட்டு ஓடவிடுவது மட்டும்தான்.

எக்ஸிஃபை ஏன் அழிக்கச் சொல்கிறேன் என்றால், இருப்பிடம் ஆன் ஆகியிருந்தால் உங்கள் வீட்டின் அட்சரேகை தீர்க்கரேகை அதில்தான் இருக்கிறது. முன்பின் தெரியாத ஐநூறு பேருக்குச் சேலைப் படத்தோடு வீட்டு வாசலையும் சேர்த்து அனுப்ப வேண்டியதில்லை.

இவ்வளவு செய்தாலும் வாங்குகிறவர் போன் திரையில் நிறம் கொஞ்சம் மாறித்தான் தெரியும். அதற்கு எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. வெயில் நேராகப் படாத வாசல் திண்ணையில், வெள்ளைத் துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் ஒன்றாவது சேர்த்து அனுப்புங்கள்.

மூன்றாவது கடிதம்: தர்மபுரியில் வங்கித் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறேன். ஒவ்வொரு அறிவிப்பின்போதும் 60 மாணவர்களின் படத்தையும் கையெழுத்தையும் விண்ணப்பத்துக்கு ஏற்ற அளவில் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. பாதிப் படம் ஏற்கப்படுவதில்லை. இதற்கென்று இருக்கும் இணையதளங்களைப் பயன்படுத்தலாமா?

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: 60 பிள்ளைகளின் முகமும் கையெழுத்தும் யாருடைய சர்வருக்கோ போக வேண்டாம். எல்லாத் தளமும் மோசம் என்று சொல்லவில்லை. கூகுள் குரோம் குழுவினர் செய்த ஸ்கூஷ் மாதிரி சில, படத்தை வெளியே அனுப்பாமல் உங்கள் பிரவுசருக்குள்ளேயே வேலையை முடிக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: தளத்தைத் திறந்துவிட்டு வைஃபையை அணையுங்கள். அதற்குப் பிறகும் சுருக்கினால் படம் வெளியே போகவில்லை. ஆனால் ஸ்கூஷில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான், 60க்கு ஆகாது.

வங்கித் தேர்வு அறிவிப்புகளில் வழக்கமாகக் கேட்பது படம் 200×230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140×60 பிக்சல், 10 முதல் 20 கேபி. ஒவ்வொரு அறிவிப்பிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதில் எல்லாரும் 50 கேபியைத் தாண்டிவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். நடப்பது நேர்மாறு. 200×230 என்பது துளியூண்டு படம். வழக்கமான தரம் 80இல் சேமித்தால் பத்துப் பன்னிரண்டு கேபிதான் வரும், 20க்குக் கீழே போய் விழுந்துவிடும். உங்கள் பாதிப் படம் திரும்புவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இந்த ஓர் இடத்தில் மட்டும் தரத்தை 95க்கு மேலே வையுங்கள்.

வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்த படமும் பூப்போட்ட திரைச்சீலை முன்னால் எடுத்த படமும் ஒரே பிக்சலில் ஒரே தரத்தில் வெவ்வேறு கேபி வரும். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மாற்றம் இருக்கிறதோ அவ்வளவுக்கு இடம் எடுத்துக்கொள்கிறது. சமமான சுவருக்கு இடமே தேவையில்லை. ஆகவே 60 பேரையும் ஒரே சுவர் முன்னால் எடுத்தால் 60 ஃபைலும் ஏறக்குறைய ஒரே கேபியில் வந்து நிற்கும்.

ஒரே சுவர் மட்டும் போதாது, ஒரே ஸ்டூல், ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் போன். மொத்தமாகச் சுருக்கலாம், ஆனால் மொத்தமாக வெட்டுவதுதான் கஷ்டம். முகம் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில் இருந்தால் எந்த மென்பொருளாலும் ஒரே வெட்டில் சரி செய்ய முடியாது. ஸ்டூலையும் போனையும் அசைக்காமல் எடுத்துவிட்டால், இர்ஃபான்வியூவில் 'B' விசையை அமுக்கி வரும் பேட்ச் ஜன்னலில், அட்வான்ஸ்டு பகுதிக்குள் 'கிராப்' என்ற இடத்தில் 2000க்கு 2300 என்று ஒரே வெட்டு, அடுத்து 200க்கு 230 என்று ஒரே சுருக்கு. வெட்டாமல் நேராக 200க்கு 230 என்று திணித்தால் முகம் உப்பிவிடும். பயிற்சி மையமும் கட்டணம் வாங்கும் தொழில்தான், உரிமத்தை மறக்க வேண்டாம்.

கையெழுத்துக்கு வெள்ளைத் தாளில் 7 சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் உயரம் என்று கட்டம் போட்டு, அதற்குள் கறுப்பு மையில் போடச் சொல்லுங்கள். விகிதம் தானாகச் சரியாகிவிடும்.

முடிந்ததும் ஃபோல்டரில் சைஸ் என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் அளவுப்படி வரிசையாக நிற்கும். முதல் ஃபைலையும் கடைசி ஃபைலையும் பார்த்தால் போதும், நடுவில் உள்ள 58ஐயும் பார்க்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம். குடும்பத்தின் பழைய படங்கள் 400ஐ 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து டிஃப் (TIFF) ஃபைலாக வைத்திருக்கிறேன். டிபிஐயை 72 ஆக மாற்றினால் ஃபைல் சிறிதாகும் என்றான் பேரன். மாற்றிப் பார்த்தேன், ஒரு கேபிகூடக் குறையவில்லை. எங்கே தவறு?

பேரன் பாதி சரி, ஐயா. பிக்சல் என்பது மூட்டையில் உள்ள அரிசி. டிபிஐ என்பது அதை எத்தனை இலைக்குப் பரிமாறுவது என்று மூட்டை மேல் எழுதிய குறிப்பு. குறிப்பைத் திருத்தினால் அரிசி குறையாது. 4க்கு 6 இஞ்சு படத்தை 600இல் ஸ்கேன் செய்தால் 2400×3600 பிக்சல், சுருக்காத டிஃப் ஆக ஏறக்குறைய 26 எம்பி. 72 என்று எழுதினாலும் அதே 2400×3600தான். ஃபோட்டோஷாப்பில் 'ரீசாம்பிள்' என்ற டிக் இருக்கும்போது டிபிஐயை மாற்றினால் மட்டும் பிக்சலும் கூடவே குறையும். பேரன் அதைப் பார்த்திருப்பான்.

ஆனால் அந்த டிஃப்களைச் சிறிதாக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. 400 படம் என்றால் 10 ஜிபி சொச்சம், ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் பிள்ளை வீட்டில் வைத்துவிடுங்கள். உறவினர்களுக்கு அனுப்ப மட்டும் எக்ஸ்என்கன்வர்ட்டில் 2000 பிக்சல் ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு உபயோகம், இலவசம். உங்கள் ஃபோல்டர்கள் அப்பா வழி, அம்மா வழி என்று பிரிந்திருந்தால் அவுட்புட்டில் ஃபோல்டர் அமைப்பை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லும் டிக் உண்டு.

மேக் வைத்திருக்கிறேன். தனியாக ஏதாவது வாங்க வேண்டுமா? (வாசகி, வேலூர்)

வேண்டாம். படங்களைத் தேர்ந்தெடுத்து பிரிவியூவில் திறங்கள். பக்கவாட்டில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, டூல்ஸ் மெனுவில் 'அட்ஜஸ்ட் சைஸ்'. ஒரே எச்சரிக்கை, பிரிவியூ ஒரிஜினலிலேயே சேமிக்கும். ஃபோல்டரை நகல் எடுத்து நகலில் வேலை செய்யுங்கள். 2021இல் வந்த மாண்டரே முதல், ஃபைண்டரில் ரைட் கிளிக் செய்தால் 'குவிக் ஆக்‌ஷன்ஸ்' என்பதில் 'கன்வர்ட் இமேஜ்' உண்டு. அது புது ஃபைலாகத் தரும். ஆனால் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அது வைத்த அளவுதான், நம் இஷ்டத்துக்கு எண் போட முடியாது.

பொறியியல் மாணவன், நாகர்கோவில். கட்டளை வரியிலேயே செய்ய ஆசை. இமேஜ்மேஜிக் கற்கலாமா?

தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி. 1987இல் டூபான்ட் நிறுவனத்தில் ஜான் கிறிஸ்டி எழுதியது, 1990இல் வெளியே வந்தது, இன்றும் எத்தனையோ இணையதளங்களின் பின்னறையில் இதுதான் படத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது. 'மாக்ரிஃபை' என்ற கட்டளை ஃபோல்டர் முழுவதையும் ஒரே வரியில் முடிக்கும். என் 1,912 படக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்தக் கட்டளைக்கு வேறு ஃபோல்டரைக் காட்டும் 'பாத்' என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் ஒரிஜினல் மேலேயே எழுதிவிடும், கேட்கவும் கேட்காது. அளவுக்குப் பின்னால் '>' குறி போட்டால் ஏற்கனவே சிறியதாக இருப்பதைப் பெரிதாக்காது. ஆனால் அதை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் கட்டளையைப் படித்து ஓடவிடும் ஷெல் அதை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளும். பழைய பாடங்களில் 'கன்வர்ட்' என்று தொடங்கும் கட்டளைகளை விண்டோஸில் அப்படியே அடிக்காதீர்கள். அங்கே அதே பெயரில் ஹார்டு டிஸ்க்கின் ஃபைல் அமைப்பை மாற்றும் கட்டளை ஒன்று ஏற்கனவே இருக்கிறது. 7ஆம் பதிப்பு முதல் 'மேஜிக்' என்றே தொடங்கலாம்.

சிறிதாக்குவது சரி. தாத்தாவின் பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பத்தடி ஃப்ளெக்ஸுக்குப் பெரிதாக்க எது நல்லது? (வாசகர், மன்னார்குடி)

வாட்ஸ்அப்பில் வந்ததைக் கொடுக்காதீர்கள். வீட்டில் அந்தப் படத்தின் காகிதப் பிரதி கட்டாயம் ஒன்று இருக்கும், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையில் தேடுங்கள். அதை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து ஃப்ளெக்ஸ் கடைக்கு அப்படியே கொடுத்துவிடுங்கள். ஃப்ளெக்ஸைப் பத்தடி தள்ளி நின்றுதான் பார்க்கிறார்கள், அது போதும்.